லிங்க் அனுப்பும் முன் வாலை வெட்டுங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் சின்னக் கடை எங்களுடையது. கடைக்கு வருகிறவர்களும் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களும் லிங்க் பற்றி அடிக்கடி கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். லிங்க்கின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குறியீடுகளை எங்கள் பக்கத்தில் எல்லோரும் "வால்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்; உங்கள் போனில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

"ஒரே ஒரு சேலை லிங்க்தான் அனுப்பினேன். இம்மா நீளமா கீதே, இன்னாண்ணா அது?"

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை இணையதளம் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் வந்த அவர்கள் விளம்பரத்தைத் தட்டி உள்ளே போகிறீர்கள். சேலை பிடித்துப்போய், மேலே இருக்கும் முகவரியைக் காப்பி செய்தால் இப்படி ஏதாவது கிடைக்கும்:

நம்மதுணிக்கடை.காம்/சேலை/சுங்குடி-412?நிறம்=பச்சை&யுடிஎம்_சோர்ஸ்=இன்ஸ்டாகிராம்&யுடிஎம்_கேம்பெய்ன்=ஆடித்தள்ளுபடி&எஃப்பிசிஎல்ஐடி=பிஏஇசட்எக்ஸ்எச்0பி...

இதில் கேள்விக்குறியைத் தேடுங்கள். அதற்கு முன்னால் இருப்பது முகவரி. பின்னால் இருப்பதெல்லாம் "பெயர்=மதிப்பு" என்ற ஜோடிகள். ஒரு ஜோடி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் & குறி இருக்கும். "நிறம்=பச்சை" என்பது பக்கத்துக்குத் தேவையான தகவல்; அதை எடுத்தால் வேறு நிறச் சேலை திறக்கலாம். அடுத்த இரண்டும், நீங்கள் எந்த வழியாக, எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தீர்கள் என்று கடைக்காரருக்குச் சொல்பவை. கடைசியில் இருக்கும் கசகச எழுத்து வரிசை நீங்கள் தட்டிய அந்த ஒரு தட்டலுக்கு ஃபேஸ்புக் நிறுவனம் கொடுத்த எண். சேலையைக் காட்ட இந்தக் கடைசி மூன்றும் தேவையே இல்லை. வெட்டிவிட்டு அனுப்பினாலும் அதே பச்சைச் சேலைதான் திறக்கும்.

யுடிஎம் என்று தொடங்குவதெல்லாம் வேவு பார்ப்பதா?

அவ்வளவு பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் அர்ச்சின் என்று ஒரு மென்பொருள் நிறுவனம் இருந்தது. இணையதளத்துக்கு யார் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுப்பது அதன் வேலை. 2005-ல் அதைக் கூகுள் வாங்கியது. கூகுள் அனலிட்டிக்ஸ் அப்படித்தான் பிறந்தது. யுடிஎம்மில் இருக்கும் "யு" அந்த அர்ச்சின்தான்.

வழக்கமாக ஐந்து யுடிஎம் உண்டு: சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன், டெர்ம், கன்டென்ட். பெரும்பாலும் படித்தாலே புரிகிற சொற்களாகத்தான் இருக்கும். ஒரே விளம்பரத்தைத் தட்டிய ஆயிரம் பேருக்கும் ஒரே வால்தான் என்பதால், அதை வைத்து உங்களைத் தனியாகக் கண்டுபிடிப்பது கடினம். மெயிலில் வரும் லிங்க்குகளில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சில நிறுவனங்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி எண் போட்டு அனுப்புவார்கள்.

ஆனால் பொய்க் கணக்குக்கு யுடிஎம் வழிசெய்யும். நீங்கள் அந்தச் சேலை லிங்க்கை அப்படியே திருவொற்றியூர் அத்தைக்கு அனுப்பினால், இன்ஸ்டாகிராம் பக்கமே போகாத அத்தை, "இன்ஸ்டாகிராம் ஆடித்தள்ளுபடி விளம்பரம் பார்த்து வந்தவர்" என்று கடைக் கணக்கில் ஏறிவிடுவார்.

சரி, என்னைத் தனியாகக் காட்டிக்கொடுப்பது எது?

இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, தட்டல் எண். எஃப்பிசிஎல்ஐடி ஃபேஸ்புக்குடையது, 2018-லிருந்து வெளியே போகும் லிங்க்குகளில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜிசிஎல்ஐடி கூகுள் விளம்பரத்துடையது. எம்எஸ்சிஎல்கேஐடி மைக்ரோசாஃப்ட்டுடையது. ஒவ்வொரு தட்டலுக்கும் வேறு எண் என்பதால், அந்தப் பக்கத்தில் நீங்கள் பொருள் வாங்கினீர்களா, சும்மா பார்த்துவிட்டுப் போனீர்களா என்பதை உங்கள் கணக்கோடு சேர்த்துப் பார்க்க முடியும்.

இரண்டாவது வகையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: பகிர்வு எண். யூடியூப்பில் "ஷேர்" தட்டி லிங்க் எடுத்தால் கடைசியில் "?எஸ்ஐ=" என்று ஒன்று வரும். ஸ்பாட்டிஃபையிலும் அதே எஸ்ஐ. இன்ஸ்டாகிராமில் ஐஜிஎஸ்எச், முன்பு ஐஜிஎஸ்எச்ஐடி என்று இருந்தது. நீங்கள் ஷேர் பொத்தானை அழுத்தும்போது பிறக்கும் எண் இது. யார் கையிலிருந்து கிளம்பியது, அதை யார் யார் திறந்தார்கள் என்பதை இணைத்துப் பார்க்க அந்த நிறுவனத்துக்கு இது போதும். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான்: எழுதியிருப்பது பணக் கணக்கு, ஆனால் நாலு நோட்டைப் புரட்டினால் யாருக்கு யார் வேண்டியவர் என்பது தெரிந்துவிடும். அனுப்பியவரும் திறந்தவரும் ஒருவரையொருவர் எந்தச் செயலியிலும் பின்தொடராவிட்டாலும் இந்த நோட்டில் பெயர் ஏறிவிடும்.

"நான் தேடினது, டைப் பண்ணது எல்லாம் கூடவா அதுல போகும்?"

போகும். பலருக்குத் தெரியாத விஷயம் இது.

அமேசானில் ஏதாவது தேடி, வந்த பட்டியலிலிருந்து ஒரு பொருளைத் திறந்து, மேலே இருக்கும் முகவரியைக் காப்பி செய்து பாருங்கள். அதில் "கீவேர்ட்ஸ்=" என்று ஒன்று இருக்கும்; நீங்கள் தேடிய சொற்கள் அப்படியே அதில் இருக்கும். "எஸ்பிரீஃபிக்ஸ்=" என்று இருந்தால், பரிந்துரை வருவதற்கு முன் நீங்கள் பாதி தட்டிய எழுத்துகள்கூட இருக்கும். "க்யூஐடி=" என்பது நீங்கள் தேடிய நேரம், விநாடிக் கணக்கில். மச்சானுக்குப் பிறந்தநாள் பரிசாக வாட்ச் வாங்கப்போகிறீர்கள், "இது பிடிச்சிருக்கா பாரு" என்று லிங்க் அனுப்புகிறீர்கள். வாலில் "300 ரூபாய்க்குள் வாட்ச்" என்று இருக்கிறது. மச்சான் ஒன்றும் சொல்ல மாட்டார். அக்கா சொல்வார்.

கூகுள் தேடல் பக்கத்தை அப்படியே அனுப்பினாலும் இதே கதைதான். "க்யூ=" என்பது தேடிய சொல்; அது இல்லாமல் பக்கம் திறக்காது. "ஓக்யூ=" என்பது முதலில் நீங்களாக டைப் செய்தது. யூடியூப்பில் தேடிக் கண்டுபிடித்த வீடியோவைக் கணினியில் காப்பி செய்தால் "பிபி=" என்று ஒரு வால் சேரும். படித்தால் புரியாத எழுத்துகள் போலத் தெரிந்தாலும், அதைப் பிரித்தால் உள்ளே நீங்கள் தேடிய சொல் இருக்கும். மருத்துவம், கடன், வேலை மாறுவது போன்றவற்றைத் தேடி, அதில் வந்த ஒரு நல்ல வீடியோவை ஆபீஸ் குரூப்பில் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

போனில் எப்படி வெட்டுவது? ஆப் எதுவும் வேண்டுமா?

வேண்டாம். வாட்ஸ்அப்பில் மெசேஜ் தட்டும் இடத்தில் லிங்க்கை பேஸ்ட் செய்யுங்கள். பெரும்பாலான குப்பை கடைசியில்தான் இருக்கும், அதனால் கர்சரைக் கடைசியில் வைத்து, தேவையில்லாத ஜோடிகள் போகும் வரை (எல்லாமே குப்பை என்றால் கேள்விக்குறியும் போகும் வரை) அழிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். நடுவில் போய் நிற்க வேண்டுமென்றால், கூகுள் கீபோர்டு வைத்திருப்பவர்கள் ஸ்பேஸ் பாரின் மேல் விரலை வைத்து இடது வலதாக இழுத்துப் பாருங்கள். கர்சர் எழுத்து எழுத்தாக நகரும். சின்னத் திரையில் கட்டை விரலால் குறிபார்த்துத் தட்டி எரிச்சலாவதைவிட இது எவ்வளவோ மேல்.

வெட்டிய பிறகு ஒரு முறை சோதித்துவிடுங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ பக்கம் திறந்து, வெட்டிய லிங்க்கைப் போடுங்கள். அதே பக்கம் வந்தால் அனுப்பலாம். இன்காக்னிட்டோ ஏன் என்றால், அதில் நீங்கள் லாகின் ஆகியிருக்க மாட்டீர்கள். லிங்க்கைப் பெறுகிறவருக்கு எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படியே உங்களுக்கும் தெரியும்.

எதை வெட்டக் கூடாது?

கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் குப்பை என்று ஒரேயடியாக வெட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

யூடியூப்பின் முழு முகவரியில் "வி=" என்பதற்குப் பின் வரும் 11 எழுத்துகள்தான் வீடியோ. அதை வெட்டினால் யூடியூப் முகப்புப் பக்கம்தான் வரும். "டி=" என்பது எந்த விநாடியிலிருந்து ஓட வேண்டும் என்பது; ஒன்றரை மணி நேர வீடியோவில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டத்தான் அனுப்புகிறீர்கள் என்றால் அது இருந்தே ஆகவேண்டும். ஜூம் லிங்க்கில் "பிடபிள்யூடி=" என்பது பாஸ்வேர்டு; வெட்டினால் வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். கூகுள் டிரைவில் பழைய ஃபைல்கள் சிலவற்றுக்கு 2021-லிருந்து "ரிசோர்ஸ்கீ=" என்று ஒன்று சேர்ந்திருக்கிறது; அதை எடுத்தால் திறக்கிறவர் அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும். அதே டிரைவில் "யுஎஸ்பி=" என்று வருவது சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது; அது போகலாம்.

பணம் அனுப்பச் சொல்லி வரும் யுபிஐ லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் எல்லாமே இருக்கிறது: "பிஏ=" யாருக்கு, "பிஎன்=" பெயர், "ஏஎம்=" எவ்வளவு. அதில் கை வைக்கவே கூடாது.

குழப்பமாக இருந்தால் ஒரு ஜோடியை மட்டும் எடுத்து, திறந்து பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் அப்படியே அனுப்புங்கள். உடைந்த லிங்க் யாருக்கும் உதவாது.

அமேசான், ஃபிளிப்கார்ட் லிங்க்கில் கேள்விக்குறிக்கு முன்னாலும் குப்பை இருக்கிறதே?

இருக்கிறது. அமேசானில் "/டிபி/" என்று ஒரு இடம் வரும். அதற்குப் பின் 10 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. பொருளின் அடையாளம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு "/ரெஃப்=" என்று தொடங்குவது முகவரி போலத் தெரிந்தாலும் வால்தான். முன்னால் இருக்கும் நீளமான பொருள் பெயரும் தேவையில்லை. அமேசான்.இன், சாய்கோடு, டிபி, சாய்கோடு, அந்த 10 எழுத்து: இது போதும், திறக்கும்.

ஃபிளிப்கார்ட்டில் "பிஐடி=" இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே சட்டையின் எந்த சைஸ், எந்த நிறம் என்பதை அது சொல்லும். மற்றதை வெட்டலாம்.

"தமிழ் விக்கிபீடியா லிங்க் அனுப்பினா ஒரு பக்கத்துக்குச் சதவீதக் குறியா வருது. இதுவும் வேவு பாக்குறதா?"

இல்லவே இல்லை. இதை யாரும் வெட்டிவிடாதீர்கள்!

லிங்க்குக்குள் தமிழ் எழுத்து நேரடியாகப் போக முடியாது என்பதால், அதை % குறியும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு). ஒவ்வொரு பைட்டுக்கும் % குறியோடு சேர்த்து 3 எழுத்து. ஆக 9 எழுத்து. இதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "சென்னை" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. கணினிக்கு அது ச, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் கொம்பு என்று 6. லிங்க்கில் போனால் 54 எழுத்து. "இராயபுரம் தொடருந்து நிலையம்" என்று போட்டால் எவ்வளவு நீளும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளம் அசிங்கமாக இருக்கிறதே தவிர, அதில் உங்களைப் பற்றி எதுவும் இல்லை. நீளமான லிங்க் எல்லாம் கெட்டது, குட்டியானதெல்லாம் நல்லது என்று நினைப்பதுதான் ஆபத்து. ஏனென்றால்...

...குட்டி லிங்க்கில்தான் வால் மறைந்திருக்குமா?

ஆமாம். செயலிகளில் ஷேர் தட்டினால் வரும் சின்ன லிங்க்குகளும் பிட்லி போன்றவையும் தட்டியதும் உங்களை வேறொரு நீண்ட முகவரிக்குத் தள்ளிவிடும். பகிர்ந்தது யார் என்ற எண் அந்த நீண்ட முகவரியில் இருக்கலாம். அல்லது குட்டிக் குறியீட்டோடு சேர்த்து அந்த நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கலாம். குட்டி லிங்க்கை வெட்ட முடியாது, உடைந்துவிடும். தெரிந்தவர் அனுப்பியது என்றால் பிரவுசரில் திறந்து, பக்கம் முழுதாக வந்த பிறகு மேலே இருக்கும் முகவரியைக் காப்பி செய்து, அதை வெட்டி அனுப்புங்கள்.

ஃபேஸ்புக்கிலிருந்து காப்பி செய்யும் வெளி லிங்க்குகளும் இப்படித்தான்: வெளியே ஃபேஸ்புக் முகவரி, உள்ளே "யு=" என்பதற்குப் பின் உண்மையான முகவரி. இதற்கும் அதே வழிதான்.

தெரியாத நம்பரிலிருந்து வந்த குட்டி லிங்க்கை இதற்காகத் திறந்து பார்க்க வேண்டாம். "இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" வகை மெசேஜ்களுக்கு இந்தப் பக்கத்தில் மருந்து இல்லை. அழித்துவிட்டு, ஈபி ஆபீஸ் இணையதளத்தில் நேராகப் போய்ப் பாருங்கள்.

தானாகவே வெட்டிவிடும் வசதி ஏதாவது உண்டா?

உண்டு, பல உண்டு. எதுவும் முழுசாக வெட்டாது.

கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தால், லிங்க்கின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் வால் இல்லாமல் காப்பி செய்யும் வசதி இருக்கும். 2023 நவம்பரில் வந்த 120-ஆம் பதிப்பிலிருந்து. அதற்கு முன்பே, 2022-ல், "ஸ்ட்ரிக்ட்" பாதுகாப்பு நிலையை வைத்தால் தெரிந்த சில தட்டல் எண்களைத் தானே உதிர்க்கும்படி செய்திருந்தார்கள். பிரேவ் பிரவுசரிலும் சுத்தமான லிங்க்கைக் காப்பி செய்யும் வசதி உண்டு. ஐபோனில் 2023-ல் வந்த ஐஓஎஸ் 17-லிருந்து, மெயில், மெசேஜஸ், சஃபாரியின் பிரைவேட் பக்கம் ஆகிய மூன்றிலும் தட்டல் எண்கள் நீக்கப்படும். யுடிஎம்களை அது தொடாது. மனிதரைக் குறிக்காமல் விளம்பரத்தை மட்டும் குறிப்பதை விட்டுவைக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வேண்டுமென்றால் கிளியர்யுஆர்எல்ஸ். ஏற்கெனவே விளம்பரம் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் நீட்சி வைத்திருந்தால், அதன் அமைப்பில் ஆட்கார்டின் லிங்க் வால் நீக்கும் பட்டியலை டிக் செய்தாலே போதும். ஆண்ட்ராய்டில் யுஆர்எல்செக் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. லிங்க் திறப்பதற்கு முன்னால் அதன் முழு வடிவத்தைக் காட்டி, வெட்டவும் உதவும்.

இவையெல்லாம் தெரிந்த பெயர்களின் பட்டியலை வைத்து வேலை செய்பவை. நிறுவனங்கள் பெயரை மாற்றினால் பட்டியலும் மாற வேண்டும். 2022-ல் ஃபேஸ்புக் தன் பதிவுகளின் முகவரியிலேயே "பிஎஃப்பிஐடி" என்று தொடங்கும் நீண்ட குறியீட்டைக் கொண்டுவந்தது. அது வாலில் இல்லை, முகவரிக்குள்ளேயே இருக்கிறது. வெட்டினால் பதிவே திறக்காது.

"கூகுளுக்கு ஏற்கெனவே நம்ம ஜாதகமே தெரியும். இத்த வெட்டி இன்னா ஆவப் போவுது?"

நியாயமான கேள்வி. லிங்க்கைத் திறக்கும்போது உங்கள் ஐபி முகவரி (உங்கள் இணைய இணைப்பின் எண்) அந்தத் தளத்துக்குத் தெரியும், குக்கீ (தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) இருக்கும், லாகின் ஆகியிருந்தால் பெயரே தெரியும். வாட்ஸ்அப்பில் லிங்க் ஒட்டினால் வரும் சின்னப் படத்தைக்கூட, அனுப்புகிறவர் போன்தான் அந்தத் தளத்துக்குப் போய் எடுத்து வருகிறது. வாலை வெட்டுவது இதில் எதையும் மறைக்காது.

வால் ஏன் இவ்வளவு நீண்டது என்று பார்த்தால் பலன் புரியும். முன்பு நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்பதைப் பிரவுசரே அடுத்த தளத்துக்குச் சொல்லிவிடும். 2020-லிருந்து குரோம் முழு முகவரியைச் சொல்லாமல் தளத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. அதே ஆண்டு சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நீங்கள் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளங்களின் குக்கீகளை, முழுதாகத் தடுத்தது. வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவரோ எங்கிருந்து வந்தார் என்ற தடயமே இல்லாமல் வந்து நிற்பார். இப்படிக் கதவுகள் மூட மூட, தகவலை லிங்க்கிலேயே ஏற்றி அனுப்புவதற்கு மதிப்பு கூடியது. ஆக, வாலை வெட்டினால் வெளியே தெரியாமல் காப்பாற்றப்படுவது ஒன்று: உங்களுக்கும் நீங்கள் அனுப்பும் ஆளுக்கும் இடையே இருக்கும் தொடர்பு. அந்த ஆள் இதற்குச் சம்மதம் சொன்னவர் இல்லை. அதனால்தான் வாலை வெட்டுவது அனுப்புகிறவர் வேலை என்கிறேன்.

எங்கள் குரூப்பில் எண்ணூர் கழிமுகம் பற்றிய செய்திகளைப் பகிர்கிறோம். நாங்கள் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் கலந்தபோது, படகும் வலையும் கறுத்துப்போன வீடியோக்கள் ஒரே நாளில் எத்தனை குரூப்புக்குப் போயின என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் பகிர்வு எண்ணுக்குக் கூடுதல் அர்த்தம் வந்துவிடுகிறது.

நீங்கள் ஒரு வீடியோவை ஷேர் தட்டி எடுத்து, பத்துப் பேர் இருக்கும் தனிக் குரூப்பில் போடுகிறீர்கள். அதில் ஒருவர் அதே லிங்க்கை அப்படியே எக்ஸ் தளத்தில் வெளிப்படையாகப் போடுகிறார். இன்னொருவர் ஒரு செய்தியாளருக்கு அனுப்புகிறார். மூன்று இடத்திலும் ஒரே எஸ்ஐ எண். வேறு எதையும் பார்க்காமலே, இந்த மூன்றும் ஒரே கையிலிருந்து கிளம்பியவை என்று லிங்க்கைப் பார்க்கும் எவரும் சொல்லிவிடலாம். அந்தக் கை யாருடையது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அதனால் குரூப் அட்மின் ஒரு வழக்கம் வைத்துக்கொள்வது நல்லது: முதலில் போடுகிறவர் வெட்டிப் போட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது ஆள் வெட்டினால் பாதி வேலைதான்.

ஃபார்வர்டே செய்யக் கூடாத லிங்க் எது?

சில லிங்க்குகளில் வால்தான் சாவி. பாஸ்வேர்டு மாற்ற வரும் லிங்க், மெயிலில் "இங்கே தட்டினால் உள்ளே போகலாம்" என்று வருவது, சாப்பாடு ஆர்டர் எங்கே வருகிறது என்று காட்டுவது, வண்டியில் போகும்போது பகிரும் பயண லிங்க், எடிட் அனுமதியோடு இருக்கும் கூகுள் ஷீட்: இவை யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் திறந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு எஸ்எம்எஸ்ஸில் லிங்க்காக வந்தால், வேறு போனில் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தால் அதைக் குடும்ப குரூப்பில் போடாமல், பிடிஎஃப்பாக டவுன்லோடு செய்து தேவையானவருக்கு மட்டும் அனுப்புங்கள். மெயில்களின் அடியில் இருக்கும் "அன்சப்ஸ்கிரைப்" லிங்க்கும் உங்களுடையது. முழு மெயிலை ஃபார்வர்ட் செய்தால், எதிரில் இருப்பவர் அதைத் தட்டி உங்களையே பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியும்.

நானே கடை வைத்திருக்கிறேன். என் லிங்க்கில் யுடிஎம் போடலாமா?

தாராளமாகப் போடுங்கள். ஸ்டேட்டஸ் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள், இன்ஸ்டா விளம்பரத்துக்குக் கொடுத்த பணம் வீணா இல்லையா என்று தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. மூன்று விஷயம் மட்டும். எப்போதும் சின்ன எழுத்திலேயே எழுதுங்கள். பெரிய எழுத்தில் ஒன்றும் சின்ன எழுத்தில் ஒன்றும் இருந்தால் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டையும் வேறு வேறு என்று எண்ணும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்கில் யுடிஎம் போடாதீர்கள். வாடிக்கையாளர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பிவிடும். வாடிக்கையாளர் பெயரையோ போன் நம்பரையோ அதில் எழுதவே எழுதாதீர்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் விதிப்படியே அது கூடாது. தவிர, அந்த அக்கா லிங்க்கை ஊருக்கே அனுப்பினால் அவர் நம்பரும் ஊருக்கே போகும்.

யூடியூப்பர் கொடுத்த லிங்க்கில் "டேக்=" இருக்கிறது. அதையும் வெட்டவா?

அது கமிஷன் குறியீடு. அந்த லிங்க் வழியாகப் போய் வாங்கினால் அவருக்கு ஒரு சிறு பங்கு கிடைக்கும். உங்களுக்கு விலை கூடாது. மிக்சி வாங்க நாலு மாடலை உடைத்துப் பார்த்து ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார், அதைப் பார்த்துத்தான் நீங்கள் முடிவெடுத்தீர்கள் என்றால், டேக்கை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். டெலிகிராமில் நாள் முழுக்க ஆஃபர் லிங்க் கொட்டுகிறவருடையது என்றால் நான் யோசிக்காமல் வெட்டிவிடுவேன்.

போஸ்டர்களில் இருக்கும் க்யூஆர் கோடிலும் வால் இருக்குமா?

இருக்கும். மெட்ரோ ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை ஸ்கேன் செய்தால், எந்த ஸ்டேஷன் போஸ்டர் என்பதுகூட யுடிஎம்மில் இருக்கலாம். டோல்கேட்டுக்கு ஒன்று, விம்கோ நகருக்கு ஒன்று என்று தனித்தனியாக அச்சடிப்பது ஒன்றும் கடினமில்லை. போன் கேமராவில் பிடித்ததும் திறந்துவிடாமல், மேலே காட்டும் முகவரியைப் படித்துவிட்டுத் திறங்கள். பிறருக்கு அனுப்புவதாக இருந்தால் க்யூஆர் படத்தை அனுப்ப வேண்டாம், படத்துக்குள் இருக்கும் வாலை வெட்ட வழியில்லை. திறந்து, முகவரியைக் காப்பி செய்து, வழக்கம்போல வெட்டி அனுப்புங்கள். மீன்கடை, டீக்கடையில் ஒட்டியிருக்கும் யுபிஐ ஸ்டிக்கர் வேறு கணக்கு. அதில் வழக்கமாகக் கடைக்காரரின் ஐடியும் பெயரும் இருக்கும், தொகையை நாம்தான் தட்டுவோம். அங்கே பார்க்க வேண்டியது திரையில் வரும் பெயர் கடைக்காரருடையதுதானா என்பதை மட்டும்.